விளையாட்டுத் திடலில் வளரும் அறம்

(குழந்தைகளின் கோடை முகாம் குறித்து ஆற்றப்பெற்ற உரை)

 

இருபத்து நான்காம் தீர்த்தங்கரருக்கு வர்த்தமானர், வீரர், அதிவீரர், சன்மதி, மகாவீரர் என ஐந்து திருநாமங்கள் வழங்குகின்றன. உலகம் முழுதும் அவரை அறிந்திருப்பது மகாவீரர் என்னும் பெயரால்தான். அப்பெயர் அவருக்கு எங்கே கிடைத்தது? போர்க்களத்தில் கிடைக்கவில்லை. துறவு பூண்டு பன்னிரண்டு ஆண்டுகள் தவம் இயற்றிய காட்டிலும் கிடைக்கவில்லை. அது விளையாட்டிடத்தில் கிடைத்தது என்று குணபத்திராசாரியார் அருளிய உத்தர புராணம் உரைக்கிறது.

சோலை ஒன்றில் அரச குமாரர்கள் மரம் ஏறி விளையாடிக் கொண்டிருந்தனர். சிறுவர் வர்த்தமானரும் அவர்களுள் ஒருவர். அவருடைய அஞ்சாமையைச் சோதிக்க விரும்பிய சங்கமன் என்னும் தேவன், பெரும் பாம்பின் வடிவெடுத்து அம்மரத்தின் அடியைச் சுற்றிக் கொண்டான். மற்றச் சிறுவர்கள் கிளைகளிலிருந்து குதித்து ஓடினார்கள். வர்த்தமானர் ஓடவில்லை. பாம்பை அடிக்கவும் இல்லை. தாயின் மடியில் ஆடுவது போல அதன்மேல் ஏறி ஆடினார். நாணிய தேவன் தன் உருக்கொண்டு, அவரைப் போற்றி, மகாவீரர் என்னும் பெயரைச் சூட்டினான்.

இக்கதையை ஒவ்வொரு ஜெயந்தி விழாவிலும் குழந்தைகள் கேட்கிறார்கள். பலர் மேடையேறி ஒப்புவிக்கவும் செய்கிறார்கள். ஆனால் கதை நிகழ்ந்த இடத்தைப் பற்றிப் பெரியவர்கள் போதிய அளவு சிந்திப்பதில்லை. ஓட்டமும் ஏற்றமும் கூச்சலும் நிறைந்த திறந்த வெளியில்தான், தோழர்களின் நடுவில்தான் அஞ்சாமையும் அகிம்சையும் ஒருசேர வெளிப்பட்டன. கோடை விடுமுறையில் குழந்தைகளுக்காக முகாம் நடத்த எண்ணும் எவரும் முதலில் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

பல ஊர்களில் நடைபெறும் கோடைகால அறநெறி வகுப்புகளில் காலை முதல் மாலை வரை பாடங்கள் நிகழ்கின்றன. பஞ்ச நமஸ்காரம், தீர்த்தங்கரர் பெயர்கள், அவர்தம் இலாஞ்சனங்கள், அணுவிரதங்கள் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. இவை இன்றியமையாதவை. பாடம் முடிந்த பின் குழந்தைகளை அரைமணி நேரம் வெளியே விடுவார்கள். அந்த அரைமணி நேரம் ஆசிரியருக்கு ஓய்வு, பிள்ளைகளுக்கு விடுதலை. பாடம் ஒருபுறம், விளையாட்டு ஒருபுறம் என இரண்டும் தொடர்பின்றி நிற்கின்றன. விளையாட்டைப் பாடத்திற்குக் கிடைக்கும் பரிசாகக் கருதாமல், பாடம் பயிலப்படும் இடமாகவே கருத வேண்டும் என்பதுதான் இவ்வுரையின் நோக்கம்.

இதற்கு இன்றுள்ள தேவையை விளக்க வேண்டியதில்லை. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் உழவுத் தொழிலையே மேற்கொண்டிருந்தன. அக்குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைக்கு வரப்பும் ஏரிக்கரையும் களத்துமேடும் ஆடுகளமாக இருந்தன. நண்டு, நத்தை, மண்புழு, எறும்பு, தவளை ஆகியவற்றைக் கண்ணால் கண்ட பிறகே, அவற்றிற்கு எத்தனை அறிவு என்ற பாடத்தை அவன் கேட்டான். இன்று அவன் பேரப்பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அடுக்குமாடி வீடுகளில் வளர்கிறார்கள். ஈரறிவுயிர், மூவறிவுயிர் என்று அவர்கள் பிழையின்றி ஒப்புவிக்கிறார்கள். கண்டது மட்டும் இல்லை. தான் காணாத உயிரிடத்தில் ஒரு குழந்தை எவ்வாறு இரக்கம் கொள்ளும்? மேலும், 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. கைப்பேசித் திரையின் முன் கழியும் விடுமுறையில் அந்த அறுபது நிமிடம் கிடைப்பதரிது.

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஜைனர் என்று பதிந்தோர் வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரையும் சேர்த்து ஏறத்தாழ 89 ஆயிரம் பேர். இவ்வளவு சிறிய சமுதாயத்தின் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமலேயே வளர்ந்துவிடக் கூடும். ஒன்றாக விளையாடியவர்கள் மறப்பதில்லை. ஆகவே முகாம் என்பது உறவைப் பேணும் ஏற்பாடும் ஆகும்.

இனி இடம் பற்றிய சிந்தனை. சேலம் மாநகரிலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், சேர்வராயன் மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும்போது கொண்டப்பநாயக்கன்பட்டி வருகிறது. முன்னே சேலத்துச் சமவெளி, பின்னே மலை. அதே மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா உள்ளது. சாலை அதற்கப்பால் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைகிறது. திடலும், நடைபாதையும், மரநிழலும், பலவகை உயிர்களும் ஒருங்கே அமைந்த இத்தகைய அடிவார ஊர்கள் குழந்தைகள் முகாமுக்கு ஏற்றவை.

சேலத்துக்கும் சமணத்துக்கும் என்ன தொடர்பு என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். அக்கேள்வி வரவேற்கத்தக்கது. கொங்கு நாடு சமணம் தழைத்த நாடு. ஈரோடு மாவட்டத்து விஜயமங்கலத்தில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயம் இன்றும் நிற்கிறது. பெருங்கதை என்னும் பெருங்காப்பியத்தை அளித்த கொங்குவேளிர் அவ்வூரோடு தொடர்புடையவர். தம் முன்னோர் வாழ்ந்த மண்ணின் பரப்பு வடார்க்காடு, தென்னார்க்காடு ஆகியவற்றோடு முடிந்துவிடவில்லை என்பதைப் பிள்ளைகள் அங்கே நின்று அறிந்து கொள்வார்கள்.

சேலத்து மே மாத வெயில் எளிதன்று. வெப்பநிலை 40 டிகிரி செல்சியசை ஒட்டி நிற்கும் நாட்கள் உண்டு. ஆகவே நாளின் அமைப்பை வெயிலும் விரதமும் சேர்ந்தே வகுக்க வேண்டும். காலை ஆறு மணியளவில் கதிரவன் எழுகிறது. மாலை ஆறரை மணியளவில் மறைகிறது. மற்ற முகாம்களில் குளிர்ந்த வேளை என்று மாலை ஐந்து மணிக்கு மேல்தான் கடுமையான ஆட்டங்களை வைப்பார்கள். இரவுண்ணா நோன்பு காக்கும் முகாமில் அந்த நேரத்தில் உணவு முடிந்திருக்க வேண்டும். எனவே ஓட்டம், கபடி, கால்பந்து முதலிய கடுமையான ஆட்டங்களைக் காலை ஆறரை மணியிலிருந்து எட்டரை மணிக்குள் நடத்திவிடுதல் நன்று. பத்து மணிக்குமேல் நான்கு மணி வரை நிழலில் பாடம், ஓவியம், ஓய்வு, பல்லாங்குழி போன்றவை. நான்கு மணிக்குமேல் ஒன்றேகால் மணி நேரம் மரநிழலில் இலகுவான ஆட்டம். பின்பு குளியல்; ஆறு மணிக்குள் உணவு. விளையாடிக் களைத்த பிள்ளைக்கு நேரத்தோடு பசிக்கும்; நேரத்தோடு உறக்கம் வரும். வீட்டில் பத்து மணிக்கு உண்டு பழகிய குழந்தை, மூன்றாம் நாளே இரவுண்ணாமை கடினமன்று என்பதைத் தானே கண்டுகொள்ளும். நூறு முறை சொல்லிப் புரியாதது இவ்வாறு உடலால் புரிந்து விடுகிறது.

தண்ணீரும் அப்படியே. வடிகட்டிக் காய்ச்சிய நீரையே பருக வேண்டும் என்பது இல்லறத்தார்க்கு உரிய ஒழுக்கம். வெயிலில் ஆடும் குழந்தைகளுக்கு அதனைக் குறையின்றி அளிப்பது நடத்துவோர் கடமை. இருபது நிமிடத்திற்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் நீர் பருகச் செய்ய வேண்டும். தாகம் எடுத்தவன் மட்டும் வரட்டும் என்று விடுதல் கூடாது. ஆட்டத்தின் ஆர்வத்தில் குழந்தை தாகத்தை மறந்துவிடும். கோடை விடுமுறையை ஒட்டி வரும் அட்சய திருதியை நாள், ரிஷபதேவர் ஓராண்டு கால உண்ணாமைக்குப் பின் சிரேயாம்ச மன்னனிடம் கரும்புச்சாறு ஏற்ற நாளாகும். முகாம் அந்நாளில் அமையுமானால், ஆடிக் களைத்த பிள்ளைகளுக்குக் கரும்புச்சாறு வழங்கி அவ்வரலாற்றைச் சொல்லலாம். அந்தச் சுவையோடு வரலாறும் நெஞ்சில் தங்கும்.

காலையில் முதல் நிகழ்ச்சி நடையாக இருத்தல் வேண்டும். நடப்பதற்குப் பயிற்சி வேண்டுமா என்று வினவலாம். சிலப்பதிகாரத்தில் புகாரிலிருந்து மதுரைக்குக் கோவலனோடும் கண்ணகியோடும் நடந்து சென்ற சமணப் பெண் துறவி கவுந்தியடிகள், புறப்படும்போதே வழியின் இயல்பை விளக்குகிறார். சோலை வழியில் கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும், கால் இடறும். வயல் வழியில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கி இறக்கக் கூடும்; அந்தப் பாவம் தாங்க இயலாதது. நெடும் பயணம் செல்வோர்க்கு அவர் வழங்கிய அறிவுரையில், நடப்பவரின் பாதுகாப்பும் மிதிபடும் உயிரின் பாதுகாப்பும் அடுத்தடுத்து வருகின்றன. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவதான ஈர்யா சமிதி, அதாவது நிலத்தை நோக்கி நடக்கும் கவனம், தமிழ்க் காப்பியத்தில் இவ்வாறு இடம் பெற்றிருக்கிறது.

முகாமில் இதனை ஒரு விளையாட்டாகவே ஆக்கலாம். அரை மைல் மண்பாதையில் குழந்தைகளைப் பேசாமல் நடக்கச் செய்து, வழியில் கண்ட உயிர்களை வந்தபின் சொல்லச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஒரு காக்கை, ஒரு நாய் என்று சொல்லும் பிள்ளை, ஐந்தாம் நாள் குழிநரி மண்ணில் தோண்டிய குழியையும், மரவட்டையையும், எறும்புச் சாரியையும், ஓணானின் நிறமாற்றத்தையும் சொல்லும். கோடை மழை பெய்த மறுநாள் ஈசல் கிளம்பும். செந்நிறப் பட்டுப்பூச்சிகள் மண்ணில் ஊரும். அன்று ஓட்டத்தை நிறுத்திவிட்டு அவற்றைப் பார்த்து வருவதே அன்றைய ஆட்டமாகட்டும்.

இந்த இடத்தில் பெரியோர் சிலருடைய ஐயம் ஒன்றற்கு விடை கூற வேண்டும். ஓடும் காலில் எறும்பு படாதா, ஆட்டமே இம்சை அன்றோ என்பர். இந்த ஐயத்தை எளிதாகத் தள்ளுதல் கூடாது. அது அருளிலிருந்து எழுவது. ஆயினும் ஆகமம் இல்லறத்தார்க்கு வகுத்த நெறி தெளிவானது. எண்ணித் துணிந்து செய்யும் இம்சையாகிய சங்கல்பி இம்சையை அவர்கள் முற்றிலும் விலக்க வேண்டும். சமைத்தல், உழுதல் முதலிய செயல்களில் தவிர்க்க இயலாது நேர்வதை இயன்ற அளவு குறைக்க வேண்டும். தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, கவனமின்மையோடு கூடிய செயலையே அதன் வேராகக் காட்டுகிறது. குழந்தையை உட்கார வைத்துவிட்டால் கவனமின்மை நீங்கிவிடாது. கவனம் பழகுவதற்கு அதற்கு இடம் வேண்டும். ஆடுகளம் அத்தகைய இடம்.

ஆகவே ஆட்டம் தொடங்குமுன் அணித்தலைவர்கள் திடலைச் சுற்றிப் பார்க்க வேண்டும். மெல்லிய துடைப்பத்தால் சருகுகளை விலக்க வேண்டும். எறும்புப் புற்றைச் சுண்ணாம்புக் கோட்டால் வளைத்து, பந்து அக்கோட்டுக்குள் சென்றால் ஆட்டம் நிற்கும் என்று விதி செய்துவிட வேண்டும். கபடியில் நடுக்கோட்டை மதிக்கும் பிள்ளை இந்தக் கோட்டையும் மதிக்கும். விதி என்று வந்துவிட்டால், குழந்தைகள் பெரியவர்களைக் காட்டிலும் கண்டிப்பாக அதனைக் காப்பார்கள்.

சில விளையாட்டுகளை முற்றிலும் விலக்க வேண்டியதுண்டு. உண்டிவில்லால் குறிபார்த்தல், தும்பியின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுதல், பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்தல் ஆகியவை நாட்டுப்புறத்தில் நெடுங்காலமாக இருந்தவை. கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல் பறவைகளின் சிறகையும் மனிதர்களின் கழுத்தையும் அறுப்பது. அதனைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுவதும் தடை செய்தது. பருத்தி நூலில் காற்றாடி விடலாம். பறவைகள் கூடடையும் மாலை வேளையைத் தவிர்த்தல் வேண்டும்.

ஆட்டக் கருவிகள் எதனால் ஆனவை என்பதும் சிராவகர் வீட்டுப் பிள்ளைகள் அறிய வேண்டியது. தரமான இறகுப்பந்தில் வாத்தின் இறகுகள் பதினாறு இருக்கும். அதற்கு மாற்றாக நைலான் பந்து எளிதில் கிடைக்கிறது. போட்டிக் கிரிக்கெட் பந்து இன்றும் தோலால் ஆனது. கால்பந்து முன்பு தோலால் செய்யப்பட்டது. 1986-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியிலிருந்து முற்றிலும் செயற்கைப் பொருளாலான பந்து வழக்கிற்கு வந்துவிட்டது. தோல் பந்து இல்லாவிட்டால் பிள்ளையின் திறமை வளராதோ என்று அஞ்ச வேண்டியதில்லை. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன், டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் வளர்ந்து, 2020 டிசம்பரில் ஆஸ்திரேலிய மண்ணில் இந்திய அணிக்காகப் பந்து வீசினார். கபடிக்கும் கோ-கோவுக்கும் கிளித்தட்டுக்கும் நொண்டிக்கும் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கோடும் நல்ல மூச்சும் போதும். முகாமின் அடிப்படை ஆட்டங்களாக இவையே அமைதல் சிறப்பு.

ஆடுகளத்தின் மிகப்பெரிய பயன் வேறொன்று. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களைப் பாடசாலையில் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். ஒரு மணி நேரம் ஆடட்டும். நான்கும் வெளியே வந்துவிடும். பிடித்தவன் மீது சினம் பொங்குகிறது. வென்றவன் தோற்றவனை எள்ளுகிறான். தொடப்பட்டவன் தொடவில்லை என்று சாதிக்கிறான். பந்தைப் பெற்றவன் தோழனுக்குக் கொடுக்காமல் தானே வைத்துக்கொள்கிறான். இவை குழந்தைகளின் குற்றங்கள் அல்ல. எல்லா உயிர்க்கும் உள்ள கட்டுகள். அவற்றைப் பெயர் சொல்லிக் காட்டுவதற்கு ஆடுகளத்தைப் போல் தக்க இடமில்லை. அந்த நேரத்தில் ஆசிரியர் களத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும். ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்தி, இப்போது உன்னுள் எழுந்தது எது என்று அமைதியாகக் கேட்டால், மானம் என்றோ மாயை என்றோ பிள்ளையே சொல்லும். தன்மேல் படுவதைத் தானே ஒப்புக்கொள்ளும் பிள்ளைக்கு அணிக்கு ஒரு புள்ளி என்று விதி வைத்தால், சத்திய அணுவிரதம் ஏட்டை விட்டு இறங்கி வந்துவிடும்.

இதற்கு முன்மாதிரி ஆதிபுராணத்திலேயே இருக்கிறது. பரதனும் பாகுபலியும் நாட்டிற்காக எதிர்நின்றபோது, இருதரப்பு அமைச்சர்களும் படைகள் மோதி உயிர்கள் அழிய வேண்டாம் என்று கருதினர். சகோதரர் இருவர் மட்டும் கண்பார்வைப் போர், நீர்ப் போர், மற்போர் என்னும் மூன்றில் பொருதட்டும் என்று முடிவு செய்தனர். ஜினசேனாசாரியார் விரிக்கும் இந்நிகழ்ச்சியில் போரின் இடத்தைப் போட்டி ஏற்றுக்கொண்டது. விதிகளால் எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன. மூன்றிலும் வென்றவர் பாகுபலி. தோல்வியைத் தாங்காத பரதன் விதியை மீறிச் சக்கரத்தை ஏவினான். அது பாகுபலியைத் தீண்டவில்லை. வென்றவரோ வெற்றியின் பயனைத் துறந்து தவம் மேற்கொண்டார். தோற்றவன் சினம், வென்றவர் துறவு ஆகிய இரண்டையும் ஆட்டம் முடிந்த களைப்போடு அமர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் சொன்னால், அவர்கள் அதனைத் தம் கதையாகவே கேட்பார்கள். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் இரு அணியினரும் எதிரெதிரே நின்று கைகூப்பிப் பொறுத்தருள வேண்டுதல் நல்ல மரபாகும். பத்து அறங்களுள் முதலாவதான உத்தம க்ஷமை ஆண்டுக்கொரு நாள் மட்டும் நினைக்கப்படுவதற்கு உரியதன்று.

பெண் குழந்தைகள் பற்றித் தனியே கூற வேண்டியுள்ளது. பத்து வயது வரை தம்பியோடு சேர்ந்து ஓடிய பெண், பன்னிரண்டாம் வயதில் திண்ணையில் அமர்த்தப்படுகிறாள். இதனை மரபு என்று சொல்வோர் சமணப் புலவர்கள் இயற்றிய தமிழ்க் காப்பியங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கொங்குவேளிரின் பெருங்கதையில் மகளிர் போட்டியிட்டுப் பந்தடித்ததைக் கூறுவதற்கென்றே ஒரு பகுதி அமைந்துள்ளது. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் விமலை பந்தாடும் காட்சி புகழ் பெற்றது. ரிஷபதேவர் எழுத்தையும் எண்ணையும் முதலில் கற்பித்தது தம் பெண்மக்களாகிய பிராமிக்கும் சுந்தரிக்கும்தான். பெண் பயிற்றுநரும், மறைவான குளியலறையும், ஏற்ற ஆடையும் இருக்குமானால், பெண்பிள்ளைகள் இறுதி நாள் வரை திடலில் நிற்பார்கள். இவற்றை ஏற்பாடு செய்யாமல் அவர்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்வது நீதியன்று.

உடற்குறை உள்ள பிள்ளைகளையும் ஓரத்தில் உட்கார வைத்தல் கூடாது. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலக்கால் சிதைவுற்றவர். பள்ளி உடற்கல்வி ஆசிரியரின் ஊக்கத்தால் உயரம் தாண்டத் தொடங்கினார். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிஸில் வெண்கலமும் பெற்றார். ஓர் ஆசிரியர் அழைத்திராவிட்டால் அச்சிறுவன் வேடிக்கை பார்ப்பவனாகவே இருந்திருக்கக் கூடும். முகாமில் அழைப்பவர் யார் என்பதே கேள்வி. பயிற்றுநரைத் தேடுவோர், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடையில் மாவட்டந்தோறும் நடத்தும் பயிற்சி முகாம்களை அணுகலாம். சேலத்தில் அவை மகாத்மா காந்தி விளையாட்டரங்கில் நடைபெறுவதுண்டு.

மாலை உணவுக்குப் பின் வழக்கமான முகாம்களில் தீ மூட்டிச் சுற்றி அமர்வார்கள். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் பேடன் பவல் சிறுவர்களைக் கொண்டு நடத்திய முகாமிலிருந்து வளர்ந்த சாரணர் மரபு அது. அம்மரபிலிருந்து ஒழுங்கு, தோழமை, பிறர்க்குதவும் மனம் ஆகியவற்றைக் கொள்வோம். ஆனால் தீயை நாடி வரும் விட்டிலும் ஈசலும் அதில் விழுந்து மடிவதைக் கண்டுகொண்டே ஜீவதயை பற்றிப் பாடுவது பொருந்தாது. விளக்குகளையும் குறைத்துவிட்டு வானத்தைக் காட்டலாம். நகரத்துப் பிள்ளைகள் பலர் சப்தரிஷி மண்டலத்தைக் கண்டதில்லை. இருளில் அமைதியாக அமர்ந்து மின்மினியைப் பார்த்திருத்தலே ஒரு சாமாயிகம் போன்றது.

பாதுகாப்புப் பற்றிய சில செய்திகள். வர்த்தமானர் பாம்பின்மேல் ஆடினார் என்பதைக் கேட்ட பிள்ளை, தானும் பாம்பைப் பிடிக்க முனையலாகாது. அவர் தீர்த்தங்கரர், அவர்பால் கற்க வேண்டுவன அஞ்சி அலறாமையும், அடித்துக் கொல்லாமையும் ஆகும். பாம்பைக் கண்டால் அசையாது நின்று, மெல்லப் பின்வாங்கி, பெரியவரிடம் சொல்ல வேண்டும். அவர் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழைக்க வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் கொடிய நஞ்சுடையவை. கடி நேர்ந்தால் கீறுதலும் உறிஞ்சுதலும் கூடா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108 ஊர்தியில் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். காலணி இன்றிப் புதர்ப்பக்கம் செல்ல எவரையும் விடலாகாது.

மலை அருகில் இருப்பதனாலேயே காட்டுக்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல் தகாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளை அரசு அதே ஆண்டில் வகுத்தது. வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இன்றிக் காப்புக்காட்டில் கால் வைத்தல் சட்டத்திற்கும் அறத்திற்கும் மாறானது. கோடையில் காய்ந்த சருகின்மீது விழும் ஒரு பொறி எத்தனை கோடி உயிர்களை அழிக்கும் என்பதையும் பிள்ளைகள் அறியட்டும். ஏற்காட்டுச் சாலைக் குரங்குகளுக்கு ரொட்டியும் வறுவலும் எறிவதையும் தானம் என்று எண்ணலாகாது. உணவை எதிர்பார்த்து அவை சாலையில் அமர்ந்து வாகனங்களில் அடிபடுகின்றன. அறிவோடு கூடாத இரக்கம் இரக்கத்திற்கு உரிய உயிரையே கொன்றுவிடுகிறது.

சீவக சிந்தாமணியில் குணமாலையார் இலம்பகம் ஒரு நீர்விளையாட்டு விழாவைக் காட்டுகிறது. நகரத்தார் அனைவரும் சோலையிலும் நீர்த்துறையிலும் ஆடிக் களிக்கும் வேளை. உணவைத் தீண்டிவிட்டது என்று ஒரு நாயைச் சிலர் அடித்துக் குற்றுயிராக்கினர். அவ்வழியே வந்த சீவகன் கொண்டாட்டத்தைக் கடந்து அதன் அருகில் அமர்ந்தான். அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அவ்வுயிர் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பிற்காலத்தில் அவனுக்குப் பெருந்துணை ஆயிற்று. விழாவில் எல்லோரும் இருந்தனர். துடிக்கும் உயிரைக் கண்டு நின்றவன் சீவகன் ஒருவனே. ஆட்டத்தின் விரைவிலும் நின்று பார்க்கக் கூடிய கண் அவனுக்கு இருந்தது. குழந்தைகளின் கோடை முகாம் உருவாக்க வேண்டியது அந்தக் கண்ணைத்தான்.

ஆகவே அறக்கட்டளைகளும் பெற்றோரும் ஆலயத்திற்கு வழங்குவது போலவே பிள்ளைகளின் திடலுக்கும் வழங்க முன்வர வேண்டும். ஒரு வாரத்திற்கு ஒரு திடலும், நிழலும், காய்ச்சி வடித்த நீரும், உடற்கல்வி அறிந்த இருவரும், ஆகமம் அறிந்து பிள்ளைகளோடு வெயிலில் நிற்கத் தயங்காத ஓர் ஆசிரியரும் போதுமானவை. ஆண்டு விழாவில் பாடல் ஒப்புவித்தலுக்குப் பரிசளிப்பதோடு, தன்மேல் பட்டதைத் தானே ஒப்புக்கொண்ட பிள்ளைக்கும் ஒரு பரிசு அளிக்கப்படட்டும். இவ்வாண்டு மகாவீர் ஜெயந்தியில் பாம்பின் கதையைச் சொல்லும் குழந்தைகள், வரும் மே மாதத்தில் ஒரு மரத்தடியில் ஆடுவதற்கும் வழி பிறக்கட்டும்.

வாழ்க திருவறம்! வளர்க அகிம்சை! ஜெய் ஜினேந்திரம்!